அளவுகோல் யாருடையது?

நுழையும்முன்

வளரிளம் பருவத்தில் உடல் மாறுகிறது. உடலைக் காணும் கண்ணும் மாறுகிறது. நேற்றுவரை ஓடவும் ஆடவும் துணைநின்ற உடல், இன்று பிறரால் அளக்கப்படும் பொருளாகத் தோன்றத் தொடங்குகிறது. நிறம், உயரம், பருமன், உடை, பேச்சு ஆகியவற்றைக் கொண்டு ஒருவரை மதிப்பிடும் அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன? அவை என்றும் மாறாதவையா? அவற்றுக்கும் சமூக ஏற்றத்தாழ்வுக்கும் உள்ள உறவு யாது? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

ஆண்டிறுதியில் எடுத்த வகுப்புக் குழுப்படம் கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது யாரை? ஐம்பது முகங்கள் உள்ள படத்தில் நம் கண் நம் முகத்தையே தேடிச் செல்கிறது. கண்டவுடன் மகிழ்ச்சிக்கு முன்பாக ஒரு குறை தோன்றிவிடுகிறது. “நான் மட்டும் கறுப்பாக இருக்கிறேன்”, “என் தோள் இவ்வளவு ஒடுங்கியதா?”, “என் சட்டை மட்டும் வெளுத்துப் போயிருக்கிறதே” என்றெல்லாம் மனம் சொல்கிறது. பக்கத்தில் நிற்கும் தோழரும் அதே படத்தில் தம் குறையைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணுவதில்லை. “நான் அழகாக இல்லை” என்னும் தீர்ப்பை வழங்கியவர் நாமே என்று தோன்றும். ஆனால், அத்தீர்ப்புக்கு அடிப்படையான அளவுகோலை நாம் செய்யவில்லை. அது நாம் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டு, நம் கையில் கொடுக்கப்பட்டது.

வளரும் உடல்

மனித உடல் ஒரே சீராக வளர்வதில்லை. குழந்தைப் பருவத்தில் மெல்ல வளரும் உடல், வளரிளம் பருவத்தில் இயக்குநீர்களின் தூண்டுதலால் விரைந்து வளர்கிறது. அப்போதும் எல்லா உறுப்புகளும் ஒன்றாக வளர்வதில்லை. கைகளும் பாதங்களும் முன்னே வளர, உடலின் நடுப்பகுதி பின்னே வளர்கிறது. ஆகவே, சிறிது காலம் கைகால்கள் பொருத்தமின்றி நீண்டு தோன்றுவது இயல்பே. எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரப்பதால் முகத்தில் பருக்கள் தோன்றுகின்றன. குரல்வளை வளர்வதால் ஆண்களின் குரல் உடைகிறது. பெண்களிடம் இவ்வளர்ச்சி ஆண்களைவிட ஏறத்தாழ 2 ஆண்டுகள் முன்னரே தொடங்குகிறது. ஒரே வகுப்பில் ஒரே வயதில் அமர்ந்திருப்போரில் ஒருவர் ஏறத்தாழ முழு உயரத்தை எட்டியிருக்கலாம். இன்னொருவர் இப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கலாம். இருவரையும் ஒன்றாக நிறுத்தி அளப்பது, குறுவைப் பயிரையும் சம்பாப் பயிரையும் ஒரே நாளில் அறுவடை செய்ய முயல்வதைப் போன்றது.

தோலின் நிறத்துக்கும் அறிவியல் காரணம் உண்டு. தோலில் உள்ள சிறப்புச் செல்கள் மெலனின் என்னும் நிறமியை உருவாக்குகின்றன. இச்செல்களின் எண்ணிக்கை கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் ஏறத்தாழ ஒன்றே. அவை உருவாக்கும் நிறமியின் அளவும் வகையும் பரவலுமே வேறுபடுகின்றன. வெயில் மிகுந்த நிலப்பகுதிகளில் வாழ்ந்த மக்களுக்கு மெலனின் மிகுதியாக அமைந்தது. சூரியனின் புறஊதாக் கதிர்கள் உடலைத் தாக்காமல் அது காக்கிறது. கருமை என்பது தோலின் குறையன்று. வெயிலுக்கு எதிராக உடல் பிடித்திருக்கும் குடை.

பிறர் என்னும் கண்ணாடி

இவ்வளவு இயல்பான உடலைப் பற்றி நமக்கு ஏன் நாணம் தோன்றுகிறது? அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பிறர் கண்ணுக்கு நாம் எவ்வாறு தோன்றுவோம் என்று முதலில் கற்பனை செய்கிறோம். பின்னர், அத்தோற்றத்தைப் பற்றி அவர் என்ன நினைப்பார் என்று கற்பனை செய்கிறோம். இறுதியில், அந்தக் கற்பனைத் தீர்ப்புக்காகப் பெருமிதமோ வெட்கமோ கொள்கிறோம். இதனை அவர் கண்ணாடியில் தோன்றும் உருவத்துக்கு ஒப்பிட்டார். நம் வெட்கத்தின் பெரும்பகுதி, பிறர் சொன்னதால் வருவதன்று. பிறர் சொல்லக்கூடும் என்று நாம் எண்ணுவதால் வருவது.

அக்கண்ணாடியை மாற்றினால் வெட்கமும் மாறும் என்பதற்குப் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஃபிஜி நாடு சான்று. அங்கு நன்கு உண்பதும் திரண்ட உடலோடு இருப்பதும் நலத்தின் அடையாளமாகவும், குடும்பம் ஒருவரைப் பேணுவதன் அடையாளமாகவும் கருதப்பட்டன. மெலிந்துபோன ஒருவரைக் கண்டால் உற்றார் கவலை கொண்டனர். அந்நாட்டின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலும், 3 ஆண்டுகள் கழித்து 1998இலும் அங்குள்ள பள்ளி மாணவியரிடம் ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஆய்வு நடத்தினர். இரண்டாம் ஆய்வின்போது, தொலைக்காட்சித் தொடர்களில் வரும் பெண்களைப் போல மெலிய வேண்டும் என்னும் விருப்பத்தை மாணவியர் பலர் வெளியிட்டனர். உணவைக் குறைப்பதும், உண்டதை வலிந்து வாந்தி எடுப்பதுமாகிய தீங்கான பழக்கங்கள் அவர்களிடையே தோன்றியிருந்தன. 3 ஆண்டுகளில் அவர்களுடைய உடலமைப்பு மாறிவிடவில்லை. உடலை அளந்த கோல்தான் மாறியது.

இன்று தொலைக்காட்சியின் இடத்தைக் கைப்பேசி பிடித்துள்ளது. தோலை வழுவழுப்பாக்கி, முகத்தைக் குறுக்கி, நிறத்தை வெளுப்பாக்கும் வசதிகள் அதன் ஒளிப்படக் கருவியிலேயே உள்ளன. முன்பு நாம் நடிகரோடு நம்மை ஒப்பிட்டோம். இப்போது திருத்தப்பட்ட நம் படத்தோடு திருத்தப்படாத நம் முகத்தை ஒப்பிடுகிறோம்.

நிறமும் உழைப்பும்

அழகு என்று நாம் கருதுவது காலந்தோறும் மாறி வந்துள்ளது. சங்க இலக்கியத்தில் தலைவியின் மேனியழகைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று ‘மாமை’. அது மாந்தளிரை ஒத்த, கருமை கலந்த நிறத்தைச் சுட்டுவது. ‘மாயோள்’ எனத் தலைவி சுட்டப்படுகிறாள். முல்லை நிலத்தின் தெய்வமும் ‘மாயோன்’ எனப்பட்டான். மேனி வெளிறுவதைப் ‘பசலை’ என்றனர். அது அழகு அன்று. பிரிவுத் துயரால் அழகு கெட்டதன் அறிகுறி. திருக்குறளில் ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரமே அதற்கென அமைந்துள்ளது. வெளிறிய மேனியைக் கண்டு வருந்திய மொழியைப் பேசுவோரே, பின்னாளில் கறுத்த மேனியைக் கண்டு வருந்தத் தொடங்கினர்.

இம்மாற்றத்திற்குப் பின்னால் சமூக ஏற்றத்தாழ்வு இருக்கிறது. வயலில் நாற்று நடுபவரும் களத்தில் நெல் தூற்றுபவரும் வெயிலில் கறுக்கின்றனர். நிழலில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவர் கறுப்பதில்லை. எனவே, வெளுத்த தோல் உழைக்கத் தேவையில்லாத செல்வ நிலையின் அடையாளமாயிற்று. வெள்ளையர் ஆட்சி அவ்வெண்ணத்தை மேலும் வலுப்படுத்தியது. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் வெளிறிய தோலே உயர்குடியின் அடையாளமாக இருந்தது. பின்னர் உழைக்கும் மக்கள் பலர் வயல்களை விட்டு ஆலைகளுக்குள் சென்றனர். அவர்கள் தோல் வெளிறியது. இருபதாம் நூற்றாண்டில் கடற்கரையில் ஓய்வெடுக்கும் வசதியுடையோரின் தோல் வெயிலில் பழுப்பேறியது. உடனே அங்குப் பழுப்பு நிறம் அழகாயிற்று. ஓரிடத்தில் வெண்மை அழகு. மற்றோரிடத்தில் பழுப்பு அழகு. உழைப்பவரின் நிறம் எதுவோ அது மட்டும் இரண்டு இடங்களிலும் அழகாகவில்லை.

பருமனுக்கும் இது பொருந்தும். உணவு அரிதாக இருந்த காலத்தில் பருத்த உடல் வளமையைக் காட்டியது. உணவு மலிந்த இடங்களில், உடற்பயிற்சிக்கு நேரமும் பொருளும் செலவிடக்கூடியவரின் மெலிந்த உடல் மதிப்புப் பெற்றது.

இவ்வுணர்வை வணிகம் பயன்படுத்திக்கொண்டது. 1975 முதல் நிறத்தை வெளுப்பாக்குவதாகக் கூறும் முகப்பூச்சுகள் இந்தியச் சந்தையில் பரவின. நிறம் மாறியதும் வேலையும் திருமணமும் கைகூடுவதாக விளம்பரங்கள் கதை சொல்லின. இதனை எதிர்த்துச் சென்னையைச் சேர்ந்த பெண்கள் அமைப்பு ஒன்று 2009இல், கருமையும் அழகே என்னும் பரப்புரையைத் தொடங்கியது. கறுத்த நிறமுடையோரை வாழ்வில் தோற்றவராகக் காட்டக்கூடாது என இந்திய விளம்பரத் துறையின் தன்னொழுங்கு அமைப்பு 2014இல் நெறிமுறை வகுத்தது. பெரிதும் விற்பனையான ஒரு முகப்பூச்சு, வெண்மையைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரிலிருந்து 2020இல் நீக்கியது. நிறத்தை வெளுக்கச் செய்யும் பூச்சுகள் சிலவற்றில் உள்ள பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது.

உடையில் எழுதிய ஏற்றத்தாழ்வு

உடலைக் கொண்டு மனிதரைத் தாழ்த்தும் வழக்கம் எண்ணத்தோடு நின்றதில்லை, ஆணையாகவும் இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி முன்பு திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் தம் மார்பையும் தோளையும் மேலாடையால் மறைப்பது அங்குத் தடுக்கப்பட்டிருந்தது. ஒருவரைக் கண்ட அளவில் அவர் எந்தச் சாதியினர் என்று தெரிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். இத்தடையை மீறிப் பெண்கள் மேலாடை அணிந்தனர். அதனால் தெருவிலும் சந்தையிலும் தாக்கப்பட்டனர். அவர்தம் ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1822இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் பல கட்டங்களாக நீண்டது. 1859ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் அரசாணை வெளியிட்டார். பெண்கள் மேலாடை அணிய அது இசைவளித்தது. ஆயினும், உயர்த்தப்பட்ட சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்றும் அது கூறியது. மானத்தைக் காக்கும் துணியை அளித்தபோதும், சமமாகத் தோன்றும் உரிமையை அளிக்க அவ்வாணைக்கு மனம் வரவில்லை. ஒரு துண்டுத் துணிக்காக இரண்டு தலைமுறைப் பெண்கள் ஏன் போராடினர் என்பதை இதனால் உணரலாம்.

[தெரிந்து தெளிவோம்: அதே மண்ணில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் (1809 – 1851), தலைப்பாகை அணிய மறுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகை அணிந்தே வழிபடச் செய்தார். அவ்வழியினரின் வழிபாட்டிடங்களில் கருவறையில் கண்ணாடி வைக்கப்பட்டுள்ளது. வழிபடுவோர் அதில் தம் உருவத்தையே காண்கின்றனர். இறைவன் அவர்களுள் இருக்கிறான் என்பது அதன் உட்பொருள்.]

உடையால் பிரித்த சமூகத்தை உடையாலேயே இணைக்க முயன்றது பள்ளிச் சீருடை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, ஏற்றத்தாழ்வின்றிக் குழந்தைகள் கல்வி கற்கச் சீருடைத் திட்டத்தை அறிமுகப்படுத்தினார். காலையில் இறைவணக்கக் கூட்டத்தில் நிற்கும் வரிசையில், யார் வீட்டில் எத்தனை ஆடைகள் உள்ளன என்பது தெரியாமல் இருப்பதற்குப் பின்னால் ஒரு சமூகக் கனவு இருக்கிறது.

சீருடைக்கு அப்பால்

சீருடை ஒன்றானாலும் வேறுபாடுகள் வேறு வழிகளில் தலைகாட்டுகின்றன. காலணி, கைக்கடிகாரம், கைப்பேசி, வந்திறங்கும் வாகனம், உணவுப் பாத்திரத்தில் உள்ள உணவு ஆகியவை புதிய அளவுகோல்களாகின்றன. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட நூலில், சுவை, நடை, பேச்சு, உண்ணும் முறை ஆகியவற்றிலும் வர்க்கம் பதிந்திருப்பதை விளக்கினார். வசதியுடையோரின் பழக்கங்கள் நாகரிகம் எனவும், இல்லாதோரின் பழக்கங்கள் நாட்டுப்புறத்தனம் எனவும் பெயர் பெறுகின்றன. வட்டார வழக்கில் பேசும் ஒரு மாணவர் நகரப் பள்ளியில் சேர்ந்ததும் வாய்திறக்கத் தயங்குகிறார். அவர் பேச்சில் பிழை இல்லை. அதைக் கேட்டுச் சிரிக்கும் காதில்தான் பழக்கக் குறைவு உள்ளது.

இத்தகைய சிரிப்பு சிறியதாகத் தோன்றலாம். ஆனால், உடலைச் சுட்டும் ஒரு பட்டப்பெயர் ஒருவரைப் பல வகையில் முடக்கிவிடும். அவர் விளையாட்டுத் திடலுக்கு வருவதில்லை. நண்பகல் உணவைத் தவிர்க்கிறார். விடை தெரிந்தும் கை உயர்த்துவதில்லை. வகுப்பறையில் அவர் அமர்ந்திருக்கிறார். ஆனால், கல்வியிலிருந்து சிறிது சிறிதாக வெளியேறுகிறார். இதனை உணர்ந்தால், பட்டப்பெயர் சொல்பவரும் உடன் சிரிப்பவரும் அதில் தம் பங்கினை அறிவர். அவ்வாறு வருந்தும் ஒருவர் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மனம் திறக்கலாம். 1098 என்னும் சிறார் உதவி எண்ணும் அவர்களுக்காகவே உள்ளது.

நான் யார்?

“நான் யார்?” என்னும் வினாவுக்கு உடலும் ஒரு விடைதான், ஆனால், முழு விடை அன்று. நாம் பேசும் மொழி, நமக்குத் தெரிந்த தொழில், நம் நட்பு, நாம் விரும்பிப் படிப்பவை, பிறர் துயரில் நாம் நிற்கும் இடம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே நம் அடையாளம். தூய்மையாக இருப்பதும் விரும்பியவாறு ஒப்பனை செய்துகொள்வதும் தவறல்ல. தாழ்ந்தவர் எனக் கருதப்படுவோம் என்னும் அச்சத்தால் அவற்றைச் செய்கிறோமா என்பதே எண்ணிப்பார்க்க வேண்டியது.

அந்தக் குழுப்படத்தை மீண்டும் எடுத்துப் பார்ப்போம். வெயிலில் கறுத்த முகம், ஓராண்டில் உயர்ந்து சட்டைக்குள் அடங்காத கை, பலமுறை துவைத்து வெளுத்த சட்டை ஆகியவை அதில் உள்ளன. வெயிலில் விளையாடியதையும், உடல் வளர்ந்ததையும், வீட்டில் ஒருவர் பரிவோடு துவைத்துத் தந்ததையும் அவை காட்டுகின்றன. பிறர் தந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கும்போது, அவற்றுள் எதுவும் குறையாகத் தோன்றுவதில்லை.

கற்பவை கற்றபின்...

1. நாளிதழ், தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றில் வரும் அழகுப் பொருள் விளம்பரங்கள் ஐந்தினைத் திரட்டி, அவை எந்த அச்சத்தைத் தூண்டுகின்றன என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. உங்கள் பகுதியில் ஒருவரின் உடலைச் சுட்டி வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு மாற்றாக அவருடைய திறனைச் சுட்டும் சொற்களை எழுதுக.
3. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் அவர்கள் இளமையில் உடை, நிறம், பேச்சு ஆகியவற்றால் எதிர்கொண்ட அனுபவங்களைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா: மாமை, பசலை – பொருள் வேறுபாடு தருக.

சிறுவினா: ஃபிஜியில் நடந்த ஆய்வு உணர்த்தும் உண்மை யாது?

நெடுவினா: ‘உடலை அளக்கும் கோல் சமூகத்தால் செய்யப்பட்டது’ – நிறம், உடை ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டு நிறுவுக.