அடுப்பில்லாத அறையில் ராத்திரிச் சாப்பாடு

திருவல்லிக்கேணி மேன்சன்களில் பெரும்பாலும் ஒரு விதி உண்டு. அறையில் சமைக்கக் கூடாது. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிகள் பலவற்றிலும் இதே கதைதான். காலை டிபன் எப்படியோ ஓடிவிடும்; மதியத்துக்கு மெஸ் இருக்கிறது, ஆபீஸ் கேன்டீன் இருக்கிறது. சிக்கல் ராத்திரியில்தான். பஸ் பிடித்து அறைக்கு வந்து சேரும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போக அலுப்பு. போனாலும், தோசை விலையைப் பார்த்ததும் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் ஞாபகத்துக்கு வரும். கடைசியில் இரண்டில் ஒன்று நடக்கிறது. பத்தரை மணிக்குப் பரோட்டா, சால்னா. இல்லையென்றால் ஒரு டீ, நாலு பிஸ்கட், படுக்கை.

"நெஞ்சு எரியுது டாக்டர், காலையில எழுந்தா வாய் கசக்குது" என்று வருகிற இளைஞர்களிடம், நாடி பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க, என்ன சாப்பிட்டீங்க?" பாதிப் பேருக்கு அந்தப் பதிலிலேயே நோய் தெரிந்துவிடும்.

பசித்த நேரத்தில் உணவு போகாவிட்டால் பித்தம் மிஞ்சும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. புளியேப்பம், எரிச்சல், உப்புசம் என்று வருகிற இந்தத் தொல்லைகளைக் குன்மம் என்ற தலைப்பில் நாங்கள் படித்தோம். எண்ணெயும் மசாலாவுமாக வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால், இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுகிறது என்று ஆங்கில மருத்துவம் சொல்கிறது. வார்த்தைதான் வேறு. ஆனால் எல்லா வயிற்றெரிச்சலும் இப்படி வருவதில்லை. அல்சருக்குக் கிருமியும் வலி மாத்திரையும்தான் முக்கியக் காரணங்கள். அதை ராத்திரிச் சாப்பாட்டை மாற்றி மட்டும் ஆற்றிவிட முடியாது.

சரி, அடுப்பில்லாமல் என்ன செய்வது? என் பதில்: அவல். ஏதோ கோகுலாஷ்டமிப் பண்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கியதுதான் அவல். அதாவது, நமக்காக யாரோ ஏற்கெனவே அடுப்பு மூட்டிவிட்டார்கள். நாம் ஊறவைத்தால் போதும். ஒரு ஆளுக்கு 75 முதல் 100 கிராம் வரை வேண்டும். ஒரு கிலோ வாங்கினால் பத்துப் பன்னிரண்டு ராத்திரிக்கு வரும். இந்தக் கணக்கை ஓட்டல் பில்லோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கெட்டி அவலை இரண்டு தடவை அலசி, அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு மூடி வையுங்கள். சட்டை மாற்றி, முகம் கழுவி வருவதற்குள், இருபது நிமிஷத்தில், பூப்போல ஆகிவிடும். மெல்லிய அவலுக்கு இரண்டு மூன்று நிமிஷம் போதும், விட்டால் கூழாகிவிடும். சிவப்பரிசி அவலுக்கு அரைமணி நேரம் கொடுங்கள். அலசுவதும் ஊறவைப்பதும் குடிக்கிற தண்ணீரில்தான். பிறகு கொதிக்க வைக்கப்போவதில்லை அல்லவா, குழாய்த் தண்ணீர் இங்கே ஆகாது.

ஊறிய அவலில் பருப்புப் பொடியும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். பருப்பு சாதம் தோற்றுவிடும். இன்னொரு நாள் மோர் விட்டு, உப்பு, வறுத்த சீரகப் பொடி, நாலு சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய். ராத்திரியில் தயிர் வேண்டாம் என்பது எங்கள் மரபு. தண்ணீர் விட்டுப் பெருக்கிய மோருக்குத் தடையில்லை. வெல்லமும் தேங்காயும் போட்டும் சாப்பிடலாம். ஆனால் தேங்காய் மூடியை அறையில் மிச்சம் வைக்காதீர்கள், மறுநாளே பிசுபிசுத்துவிடும். பக்கத்து அறைக்காரரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

அவல் மட்டும் போதாது. அதில் மாவுச்சத்துதான் அதிகம்; 100 கிராமில் புரதம் ஆறேழு கிராம்தான். கூடவே 50 கிராம் பொட்டுக்கடலை சேர்த்தால் பத்து கிராம் புரதம் கிடைக்கும். ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும் நல்லது. 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. கசப்பதும், பூஞ்சை வாடை அடிப்பதும் இருந்தால் தயங்காமல் எறியுங்கள். அந்தப் பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஒரு வெள்ளரிக்காய் அல்லது கேரட், நன்றாகக் கழுவி, தோல் சீவி. ஒரு வாழைப்பழம். முடிந்தது. முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஈரத்திலும் சூட்டிலும் பயறோடு கிருமியும் முளைக்கும். வேகவைக்க வழியில்லாத அறையில் அது வேண்டாம்.

தினம் அவல் சாப்பிட்டால் நாக்கு செத்துப்போகும், ஒப்புக்கொள்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெளியில் வாங்குங்கள். வாங்கும்போது ஆவியில் வெந்ததை வாங்குங்கள். இட்லி, இடியாப்பம், சுண்டல். 2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் மாலை நேரத்தில் சப்பாத்தியும் பருப்பும் மூன்று ரூபாய்க்குத் தர ஆரம்பித்தார்கள். கௌரவம் பார்த்து அந்தப் பக்கம் போகாதவர்கள் உண்டு. வயிற்றுக்குக் கௌரவம் தெரியாது. பரோட்டாவை மாதத்தில் ஒருநாள் ஆசைக்குச் சாப்பிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் எட்டு மணிக்கு முன்னால்.

நேரம் முக்கியம். சாப்பிட்டதற்கும் படுப்பதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வேலை முடியவே ஒன்பதாகும் என்றால், பொட்டுக்கடலையையும் பழத்தையும் ஏழு மணிக்கு ஆபீஸிலேயே முடித்துவிட்டு, அறைக்கு வந்து அவலைக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடை வைத்து முட்டை வேகவைக்கிற கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஷாக் அடித்தால் உயிர் போகும், விட்டுவிடுங்கள். சூடாக ஏதாவது வேண்டுமென்றால் ஒரு ஃப்ளாஸ்க் வாங்கி, டீக்கடையில் வெந்நீர் பிடித்து வாருங்கள்.

இங்கே வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை ஊருக்கு வந்து போகும்போது முறுக்கும் மிக்சரும் கட்டிக் கொடுப்பதோடு, புழுங்கலரிசி, பாசிப்பயறு இரண்டையும் வாசனை வரச் சிவக்க வறுத்து, சீரகம், துளி சுக்கு சேர்த்து மாவாகத் திரித்துக் கொடுங்கள். நன்றாக வறுபட்ட மாவு என்பதால், வெந்நீரும் உப்பும் விட்டுக் கரைத்தாலே கஞ்சி. கடையில் விற்கும் சத்துமாவுகளில் பலவற்றைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். பாக்கெட்டைப் படித்துப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். பொரிவிளங்காய் உருண்டை தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பல்லுக்குத்தான் கொஞ்சம் சோதனை.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், காசை மிச்சப்படுத்த என்று ராத்திரிச் சாப்பாட்டை ஒருபோதும் விடக்கூடாது. தூக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்து மயக்கமாகலாம். தனி அறையில் யார் பார்ப்பார்கள்? அவர்கள் வெல்லத்தை விட்டு, அவலைக் குறைத்து, கடலையைக் கூட்டிக்கொள்ளட்டும். அளவை அவரவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்படி நேரத்தோடு சாப்பிட்டும் இரண்டு வாரத்தில் எரிச்சல் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். கைவைத்தியமும் வேண்டாம், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.