கடப்பிதழ் கேட்காத பயணி

ஜொகூர் பாலத்து நெரிசலில் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமைதான். கடலுக்கடியில் மின்சாரம் கடப்பிதழ் காட்டாமலே சிங்கப்பூருக்குப் போய்வருகிறதே!

பிளெந்தோங்கையும் செனோக்கோவையும் இணைக்கும் மின்தடம் 1985 முதல் இருக்கிறது. ஒரு பக்கம் மின்நிலையம் படுத்துவிட்டால் மறுபக்கம் கைகொடுக்கும், அதற்காகத்தான் போட்டார்கள். 2022 ஜூனில் லாவோஸின் நீர்மின்சாரம் 100 மெகாவாட், தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு விற்பனையாகத் தொடங்கியது. லாவோஸில் புறப்பட்ட அதே மின்சாரமா வந்து சேருகிறது? இல்லை. அங்கே ஊற்றிய அளவை இங்கே மொண்டுகொள்வதுதான் கணக்கு. 2024 டிசம்பரில் மலேசியாவின் பசுமை மின்சாரம் 50 மெகாவாட்டும் சேர்ந்துகொண்டது.

இதற்கிடையே ஜொகூரிலேயே தரவு மையங்கள் வரிசையாக முளைத்து, மின்சாரத்தை இரவும் பகலும் குடிக்கின்றன. ஏற்றுமதி பெருகட்டும், எனக்குச் சந்தோஷமே. மின்கட்டண பில்லை மட்டும் இனி இரண்டு தடவை படித்துப் பார்ப்பேன்.