செலவு: வெளியேறுதலும் குரலும் பற்றிச் சில குறிப்புகள்

1

பாலைத் திணை படித்தவர்களுக்குத் தெரியும், பழந்தமிழில் 'செலவு' என்றால் புறப்பட்டுப் போதல். இன்று அச்சொல்லுக்குக் கைப்பணம் கரைவது என்றே பொருள். எம்.ஏ. வகுப்பில் இந்த இரண்டு பொருளையும் சேர்த்துவைத்து நான் யோசித்ததில்லை. சென்னையில் ஆறு வருஷம் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துவிட்டு, 2022இல் மதுரைக்கு ரயிலேறியபோதுதான் உறைத்தது.

தமிழ் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். 'வாய்ஸ் பிராசஸ்' என்பார்கள். எதிர்முனையில் ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருப்பார். எழுதிக் கொடுத்த வாசகத்தை, எழுதிக் கொடுத்தது என்று தெரியாத தொனியில் நாம் சொல்ல வேண்டும். ஓர் அழைப்பு எத்தனை நிமிஷம் நீண்டது என்பது பதிவாகும். கழிப்பறைக்குப் போன நேரமும் கணக்கில் வரும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட நூலில் இவ்வகை வேலையை 'உணர்வு உழைப்பு' என்ற கருத்தாக்கத்தால் விளக்கினார். ஆலையில் விற்கப்படுவது கையின் திறன் என்றால், இங்கே விற்கப்படுவது கோபப்படாமல் இருக்கிற திறன். ஷிப்ட் முடிந்ததும் அது நம்மிடம் முழுசாகத் திரும்பி வந்துவிடுவதில்லை. அம்மாவிடம் போனில் பேசி முடிக்கும்போது ஒருநாள், "வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்று கேட்டுவிட்டேன். "என்னடா, யார்கிட்டயோ பேசற மாதிரி பேசற?" என்றாள் அம்மா.

2

இப்படிக் கரைந்துபோவதற்கு ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்கிறார்கள். எரிந்து தீர்தல் என்று வைத்துக்கொள்வோம். உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் இதைப் பற்றி எழுதியபோது அவர் முன்னால் இருந்தவர்கள் கம்பெனி ஊழியர்கள் அல்ல. நியூயார்க்கின் இலவச மருத்துவமனையில் சேவை செய்தவர்கள். அவரும் அவர்களில் ஒருவர். லட்சியத்தோடு வந்தவர்களிடம்தான் இது முதலில் அடையாளம் காணப்பட்டது என்பதை இயக்கங்களில் இருக்கும் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இதற்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி எதையும் எகத்தாளமாகப் பார்த்தல், தன்னால் உருப்படியாக எதுவும் ஆகாது என்ற உணர்வு. முக்கியமாக, இது நோய் அல்ல, பணியிடம் சார்ந்த நிகழ்வு என்கிறது. நோய் என்றால் நான் மாத்திரை சாப்பிட வேண்டும். பணியிட நிகழ்வு என்றால் பணியிடத்துக்கு அல்லவா வைத்தியம் பார்க்க வேண்டும்? எங்களுக்குக் கிடைத்த வைத்தியம், சனிக்கிழமைகளில் ஒரு மணிநேர யோகா.

3

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூல் ஒன்று இங்கே உதவும். ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் என்கிறார்: வெளியேற்றம், குரல். விட்டுப் போகலாம், அல்லது இருந்து கேள்வி கேட்கலாம். அவர் எடுத்துக்காட்டுவது நைஜீரிய ரயில்வேயை. சரக்கு லாரிகள் போட்டிக்கு வந்தபிறகும் ரயில்வே திருந்தவில்லை. உரக்கக் குறை சொல்லக்கூடியவர்கள் லாரிக்கு மாறிவிட்டார்கள். மிஞ்சியவர்களின் முணுமுணுப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. வெளியேற்றம் எளிதாகும்போது குரல் செத்துப்போகலாம்.

எங்கள் வேலையில் குரலே சரக்கு. எட்டு மணிநேரம் அதை விற்றவனுக்கு மேலாளரிடம் பேச மிச்சக் குரல் இல்லை. ஆகவே வெளியேற்றம். இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பக்கத்து இருக்கைத் தோழியிடமும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு ஊரு இருக்குண்ணா, போறீங்க. எனக்குக் காலனிதானே இருக்கு."

நகரம் உறிஞ்சுகிறது, ஊர் ஆற்றுகிறது என்கிற கதையாடல் யாருடையது என்பதை எந்தக் கோட்பாட்டு நூலையும்விட அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தெளிவாக்கியது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை மறுத்துப் பேசியதைப் படித்தவன்தான் நான். படித்தது வேறு. அவளுக்குச் சென்னைதான் ஏற்கெனவே வெளியேறி வந்த இடம். அங்கிருந்து இன்னொரு முறை எங்கே வெளியேறுவது?

4

அதன்பிறகு ஊருக்குப் போக மனம் வரவில்லை. மதுரையில் அச்சகம் வைத்திருந்த நண்பர் மெய்ப்புப் பார்க்கக் கூப்பிட்டார். வாங்கியதில் பாதிச் சம்பளம். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறேன் என்ற கிளர்ச்சி இருந்தது. வாடகைக்கு வீடு பார்க்கப் போன முதல் நாளே அது போயிற்று. வீட்டுக்காரர் காபி கொடுத்துவிட்டு, "தம்பி, நீங்க என்ன ஆளுக?" என்றார். நான் மறுத்திருக்க வேண்டும். சொன்னேன். அன்று சாயங்காலமே சாவி கிடைத்தது.

புகாரை விட்டு விடியுமுன் கிளம்பிய கோவலனும் மதுரையில் புதிதாகத் தொடங்கத்தான் வந்தான். மூலதனம், கண்ணகியின் சிலம்பு. ஆனால் புதிய ஊரில் அவனை இன்னார் என்று சொல்ல யாருமில்லை, விசாரணையின்றி வெட்டுப்பட்டான். என்னை இன்னார் என்று சொல்லச் சாதி இருந்தது. கோவலனுக்கு மதுரையில் சிலம்பு யமனாயிற்று, எனக்குச் சாதி சாவியாயிற்று. பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் மடியில் என்ன முடிந்து வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டும். என்னையும் சேர்த்து.

5

வெளியேறியது தப்பு என்று சொல்ல வரவில்லை. இப்போது தூக்கம் வருகிறது, படிக்க முடிகிறது, கோபமும் வருகிறது. ஆனால் என் இருக்கையில் மறுவாரமே வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். அந்த இருக்கையில் எதுவும் மாறவில்லை.

மாறிய இடங்களும் உண்டு. கேரளத்தில் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்கள் கோழிக்கோட்டில் தொடங்கி வருஷக்கணக்காகப் போராடினார்கள்; 2018இல் உட்காரும் உரிமை அங்கே சட்டமாயிற்று. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை தரச் சொன்னது. ஒரு ஸ்டூல். அதற்கே இத்தனை பாடு. அதை வாங்கித் தந்தவர்கள் வேலையை விட்டுப் போனவர்கள் அல்லர், போக இடமில்லாமல் இருந்து பேசியவர்கள்.

சிலப்பதிகாரத்திலும் வெளியேற்றத்தோடு கதை முடியவில்லை. அந்நிய ஊரின் அரசவையில் கண்ணகி பேசினாள், வழக்காடினாள். விட்டுப் போக முடிந்தவனுக்குத் தூக்கத்தோடு ஒரு கடனும் சேர்கிறது: அங்கே இருப்பவர்கள் பேசும்போது கூட நின்று பேசுவது. தோழி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்கண்ணா. நாங்க சங்கம் வைக்கப் போறோம். துண்டறிக்கை எழுதித் தருவீங்களா?" என்றாள்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையைவிட அது கஷ்டமாக இருக்கிறது.