பற்றின்மையும் பாராமுகமும்: செகாவின் 'ஆறாவது வார்டு' கதையில் அறப்பொறுப்பு

ஆய்வுச் சுருக்கம்

பிறர் துன்பத்தை அறிந்தும் அதற்கு முகங்கொடாதிருக்கும் மனநிலையை 19ஆம் நூற்றாண்டு ருஷ்யச் சிறுகதை மரபு தொடர்ந்து ஆராய்ந்து வந்துள்ளது. அம்மரபில் அந்தோன் செகாவின் 'ஆறாவது வார்டு' (1892) தனியிடம் பெறுகிறது. பாராமுகம் தன்னைப் பற்றின்மை என்னும் மெய்யியல் நிலையாக எவ்வாறு காட்டிக்கொள்கிறது என்பதையும், அதன் விளைவு எத்தகையது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செகாவ், ஆறாவது வார்டு, பாராமுகம், பற்றின்மை, ஸ்டோயிக் மெய்யியல், அறப்பொறுப்பு.

முன்னுரை

கொடுமை செய்பவனை இலக்கியம் எளிதில் அடையாளம் காட்டிவிடும். கொடுமை நிகழும் இடத்தில் பொறுப்பில் இருந்தும் ஒன்றும் செய்யாதிருப்பவனை அடையாளம் காட்டுவது அத்துணை எளிதன்று. அவன் பெரும்பாலும் பண்பானவன், படித்தவன், எவரையும் கைநீட்டி அடிக்காதவன். கொடுமைக்குத் தீய எண்ணம் வேண்டும். பாராமுகத்திற்கு அதுவும் வேண்டுவதில்லை. இவ்வேறுபாட்டை நுட்பமாக உணர்ந்து எழுதியவர்களுள் செகாவ் முதன்மையானவர்.

கோகோல் முதல் செகாவ் வரை

கோகோலின் 'மேல்கோட்டு' (1842) கதையில், களவுபோன தன் மேல்கோட்டை மீட்டுத் தருமாறு வேண்டி வரும் எளிய எழுத்தர் அக்காக்கிய் அக்காக்கியெவிச்சை உயரதிகாரி ஒருவர் அதட்டி அனுப்புகிறார். அங்குப் பாராமுகம் பதவியின் தோரணையாக வெளிப்படுகிறது. செகாவின் 'துயரம்' (1886) கதையிலோ பதவிக்கு இடமில்லை. மகனை இழந்த வண்டிக்காரர் அயோனா பொத்தாபவின் சொற்களைப் பயணிகளும் கேட்பதில்லை. அவரைப் போன்ற மற்றொரு வண்டிக்காரனும் கேட்பதில்லை. இறுதியில் அவர் தம் குதிரையிடமே துயரைச் சொல்கிறார். இவ்விரு கதைகளும் பாராமுகத்திற்கு ஆளானவரின் பக்கம் நின்று பேசுகின்றன. 'ஆறாவது வார்டு' பாராமுகம் காட்டுபவரையே மையப் பாத்திரமாக்கி, அவருடைய நியாயங்களையும் முழுமையாகப் பேசவைக்கிறது.

ராகினின் வாதம்

ஆந்திரேய் எஃபீமிச் ராகின் ஒரு சிறு நகர மருத்துவமனையின் தலைமை மருத்துவர். அவர் பொறுப்பேற்றபோது அங்கு வெப்பமானி ஒன்றுகூட இல்லை. குளியல் தொட்டிகளில் உருளைக்கிழங்கு சேமிக்கப்பட்டிருந்தது. தொடக்கத்தில் அவர் ஊக்கத்துடன் உழைத்தார். நாளடைவில், ஆண்டுக்கு 12,000 புறநோயாளிகளைப் பார்ப்பதென்பது 12,000 பேரை ஏமாற்றுவதே என்னும் கணக்கிற்கு வந்துசேர்ந்தார். சாவு இயல்பானது, நோயைத் தணிப்பதால் பயன் யாது? தீமைக்குக் காரணம் தாமல்லர், காலமே என்பன போன்ற எண்ணங்கள் அவரை மருத்துவமனையிலிருந்து வீட்டிற்கும் நூல்களுக்கும் அழைத்துச் சென்றன. மனநோயாளர் பகுதியான ஆறாவது வார்டில் காவலன் நிகீத்தா நோயாளர்களை அடித்து ஒழுங்குபடுத்திவந்தான்.

ராகினின் கணக்கு முற்றிலும் பொய்யன்று. மருத்துவமனை சீர்கெட்டுக் கிடப்பது உண்மையே. ஆயினும் அவ்வுண்மையைச் சீர்திருத்தத்திற்கான காரணமாகக் கொள்ளாமல், தம்மை விடுவித்துக்கொள்வதற்கான காரணமாகவே அவர் கொள்கிறார். பாராமுகம் அறியாமையிலிருந்து பிறப்பதில்லை. அறிந்ததைச் செயலிலிருந்து பிரித்துவைப்பதில் பிறக்கிறது என்பதைக் கதை இவ்விடத்தில் நிறுவுகிறது.

பற்றின்மையா, பாராமுகமா?

வார்டில் அடைக்கப்பட்டுள்ள இவான் திமீத்ரிச் குரோமவுடன் ராகின் நிகழ்த்தும் உரையாடல்களே கதையின் கருத்து மையம். வசதியான படிப்பறைக்கும் இந்த வார்டுக்கும் வேறுபாடில்லை, மனிதனின் அமைதி அவனுக்குள்ளேயே இருக்கிறது என்கிறார் ராகின்; இதற்கு மார்க்கஸ் அரேலியஸையும் டயோஜெனிசையும் துணைக்கழைக்கிறார். வலித்தால் அலறுவதும் இழிசெயலைக் கண்டால் சினப்பதுமே உயிருள்ளதன் இயல்பு என மறுக்கிறார் குரோமவ். துன்பத்தை அறியாத ஒருவர் துன்பத்தை வெறுத்தொதுக்கக் கற்பிப்பதிலுள்ள பொருந்தாமையையும் அவர் சுட்டிக்காட்டுகிறார்.

மார்க்கஸ் அரேலியஸ் தம் துன்பத்தைத் தாங்கும் உறுதியைப் பேசியவர். அதனுடன், மனிதர் ஒருவருக்கொருவர் உதவவே பிறந்தவர் என்பதையும் திரும்பத் திரும்ப வலியுறுத்தியவர். ராகின் முதற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அதனையும் தமக்கன்றிப் பிறருக்கு விதிக்கிறார். தன் துன்பத்தின்பால் கொள்ளும் அமைதி பற்றின்மை. பிறர் துன்பத்தின்பால் கொள்ளும் அதே அமைதி பாராமுகம். சொற்கள் ஒன்றாயிருப்பினும் அவை நோக்கும் திசை வேறு. செகாவின் விமர்சனம் ஸ்டோயிக் மெய்யியலைக் காட்டிலும் இத்திசைமாற்றத்தையே குறிவைக்கிறது எனலாம்.

விளைவு: தண்டனையும் அறிதலும்

குரோமவுடன் பேசுவதற்காக ராகின் நாள்தோறும் வார்டுக்குச் செல்லத் தொடங்கியதும் ஊர் அவரை ஐயுறுகிறது. நோயாளர்களைப் புறக்கணித்த ஆண்டுகளில் அறிவுத்தெளிவு மிக்கவராகக் கருதப்பட்டவர், ஒரு நோயாளியை மனிதராக மதித்துப் பேசியவுடன் மனநிலை பிறழ்ந்தவராகிறார். பதவியை இழக்கும் அவர், இளைய மருத்துவர் ஹோபதவின் சூழ்ச்சியால் அதே வார்டில் அடைக்கப்படுகிறார். வெளியே செல்ல முயலும்போது நிகீத்தாவால் தாக்கப்பட்டு, மறுநாள் இறக்கிறார்.

இதனை வினைப்பயன் கதையாக வாசிக்க இடமுண்டு. ஆனால் அவ்வாசிப்பு கதையின் ஒருபாதியையே விளக்கும். ராகினின் சாவால் வார்டில் எதுவும் மாறுவதில்லை; குரோமவ் அங்கேயே இருக்கிறார்; நிகீத்தாவும் ஹோபதவும் தத்தம் இடங்களில் நிலைத்திருக்கின்றனர். அறத்தின் சமநிலை மீட்கப்படவில்லை. நிகழ்வது ஒன்றே: தாம் இப்போது உணரும் வலியை இம்மனிதர்கள் இருபதாண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் உணர்ந்திருக்க வேண்டும் என்பதும், அதை அறிய விரும்பாமலே தாம் இருந்துவிட்டதும் அவருக்குப் புலப்படுகின்றன. அறிதல் வருகிறது, செயல்படுவதற்கான அதிகாரம் அதற்கு முன்பே போய்விடுகிறது.

செகாவின் வாழ்க்கைப் பின்னணி இங்குக் கருதத்தக்கது. மருத்துவரான அவர் 1890இல் சகாலின் தீவுக்குச் சென்று தண்டனைக் கைதிகளின் நிலையை நேரில் ஆராய்ந்தார். கதை வெளிவந்த 1892ஆம் ஆண்டிலேயே மெலிகோவோ பகுதியில் காலராத் தடுப்புப் பணியை ஏற்றார். மருத்துவத்தின் எல்லைகளை ராகினைப் போலவே அறிந்திருந்தும், அவ்வறிவிலிருந்து அவர் வேறொரு முடிவுக்கு வந்தார் என்பதை இச்செயல்கள் காட்டுகின்றன.

முடிவுரை

'மேல்கோட்டு' கதையில் பதவியாகவும் 'துயரம்' கதையில் அன்றாடப் பழக்கமாகவும் காணப்பட்ட பாராமுகம், 'ஆறாவது வார்டு' கதையில் ஒரு சிந்தனை முறையாக வளர்ச்சி பெறுகிறது. கற்றவரிடம் அது கூடுதல் வலிமை பெறுவதற்குக் காரணம், தன்னை நியாயப்படுத்தும் சொற்களை அவர் நூல்களிலிருந்தே பெற்றுக்கொள்வதாகும். நிகீத்தாவின் கைமுட்டியும் ராகினின் படிப்பறையும் ஒரே மருத்துவமனையின் இரு பகுதிகள். இரண்டாவது இல்லாமல் முதலாவது அத்தனை ஆண்டுகள் நீடித்திருக்க இயலாது. இத்தொடர்பைப் புலப்படுத்தியதே இக்கதையின் அறவியல் பங்களிப்பாகும்.