கமலாம்பாளும் பதினைந்து வயதும்

பழைய நாவல்களைப் பள்ளி மாணவர் கையிற் கொடுப்பது தகுமா என்னும் வினா ஆசிரியரிடையே அடிக்கடி எழுவதுண்டு. அதற்கு விடை காண, பி. ஆர். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1893இல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடங்கிய இத்தொடர், 1896இல் நூலாயிற்று. தொடங்கியபோது ராஜம் ஐயருக்கு வயது 21. 1898இல் தம் 26ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இளைஞர் எழுதியதாயினும், நூல் முழுவதும் இளைஞர்க்கு உரியதன்று. சிறுகுளத்தின் வம்புப் பேச்சும், தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளையின் வேடிக்கையும் மாணவனை வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். பிற்பகுதியிலோ, அவன் சிரித்த வம்பே பழிச்சொல்லாகி முத்துசுவாமி ஐயரின் இல்லறத்தைக் குலைக்கிறது. அவர் வேதாந்தத்தை நாடுகிறார். இதன் துயரம் பதினைந்து வயதில் விளங்காது. குடும்பம் நடத்தி, ஊர்வாய்க்கு அஞ்சிய நாற்பது வயதினருக்கே அது விளங்கும். அன்று பண்டிதரைக் கண்டு நகைத்தவன், தானும் ஆசிரியனானபின் படித்தால், அந்நகை தன்மேலும் பாய்வதை உணர்வான்.

ஆகவே, முழு நூலையும் தேர்வுக்கெனத் திணித்தல் தவறு. அவ்வாறு வெறுத்து மூடிய நூலை மாணவன் பிறகு திறப்பதே அரிது. அதற்காக நூலையே மறைத்தலும் தவறு. நகைச்சுவைப் பகுதிகளை வகுப்பில் உரக்கப் படித்து, அக்கிரகாரப் பேச்சுவழக்கிற்கு விளக்கம் கூறி, அவ்வளவில் நிறுத்துதல் நன்று. எஞ்சிய பகுதியை அவன் வளர்ந்தபின் தானே தேடிப் படிப்பானாயின், அதுவே அவ்வாசிரியர் பெற்ற வெற்றியாகும்.