பேனர் காசில் ஒரு புத்தக அலமாரி

ஏப்ரல் 14 நெருங்கினால் நம் கடலூர் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு வசூல் நோட்டு புறப்பட்டுவிடும். பந்தல், மைக்செட், மாலை, கொடி, ஃப்ளெக்ஸ் பேனர் என்று செலவு வரிசையாக இருக்கும். பேனரின் நடுவில் அண்ணல் அம்பேத்கர், சுற்றிலும் தெருப் பிள்ளைகளின் சின்னச் சின்ன முகங்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் முகத்தைப் பொது இடத்தில் பார்க்கும் உரிமை இல்லாதிருந்த மக்கள் அதை வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் இப்போது பல ஊர்களில் இளைஞர்கள் இன்னொன்றும் பேசுகிறார்கள். பேனரின் அளவைக் குறைத்து, மிச்சமாகும் பணத்தில் தெருவில் ஒரு படிப்பகம் வைத்தால் என்ன? சரி, வைத்தால் என்னென்ன புத்தகம் வாங்குவது? இந்த வாரம் அதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஊரில்தான் நூலகம் இருக்கிறதே, தனியாக எதற்கு? உண்மைதான். சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாகாணத்தில், 1948-ல். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டடம் எழும்பியது. அவற்றில் எத்தனை இன்று திறந்திருக்கின்றன என்பதை அவரவர் ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். திறந்திருக்கும் இடத்திலும் கட்டடம் எந்தத் தெருவில் நிற்கிறது என்ற கேள்வி இருக்கிறது. கோயில் தெருவைத் தாண்டிப் போய்த்தான் புத்தகம் எடுக்க வேண்டும் என்றால், ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை சாயங்காலம் அங்கே போவாளா? ஆகவே வரி கட்டுகிற நூலகத்தைத் திறக்கச் சொல்லிக் கிராம சபையில் மனு கொடுப்பதை விட்டுவிடக் கூடாது. தெருவில் அலமாரி வைப்பதையும் அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

பிள்ளைகளின் புத்தகத்திலிருந்து தொடங்குவோம். நம்மில் பலர் செய்வது, படிப்பகம் என்றதும் அண்ணலின் தொகுப்பு நூல்களை வாங்கி வரிசையாக அடுக்கிவிடுவது. தமிழில் முப்பத்தேழு தொகுதிகள் இருக்கின்றன. அடுக்கி வைத்தால் பார்க்க அழகு. ஆனால் நான்காம் வகுப்புப் பையன் அந்த அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவனுக்குப் படம் வேண்டும், சிரிப்பு வேண்டும், பேய்க்கதையும் வேண்டும். பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்துச் சிறு புத்தகங்கள் வந்தன. அந்த வகைப் பிரிப்பை நாமும் எடுத்துக்கொள்ளலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு தட்டு, தடையின்றிப் படிக்கிற பிள்ளைக்கு இன்னொரு தட்டு.

படப் புத்தகம் என்றால் முதலில் 'பீமாயணம்' வாங்குங்கள். அண்ணல் தன் வாழ்வில் பட்ட தீண்டாமைக் கொடுமைகளைக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் வரைந்திருக்கிறார்கள். தமிழிலும் கிடைக்கிறது. சிறுவன் பீமனும் அண்ணனும் அக்காள் மகன்களும் அப்பாவைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். அன்பாக விசாரித்த நிலைய அதிகாரி, சாதி தெரிந்ததும் முகம் மாறுகிறார். மாட்டு வண்டிக்காரர் இவர்களை ஏற்றமாட்டேன் என்கிறார். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு, தண்ணீர் கிடைக்காமல் இரவெல்லாம் போகிறார்கள். இது 1901-ல் நடந்தது. அப்போது அவருக்கு ஒன்பது, பத்து வயதுதான். அதே வயதுப் பிள்ளை இதைப் படித்தால் சட்டம் எழுதிய மேதையாக அவரைப் பார்க்காது, தாகமெடுத்த பையனாகப் பார்க்கும். எங்கள் எண்ணத்தில் அண்ணலிடம் போகச் சரியான வழி அதுதான். ஓவியத்தில் மனிதர் பேசும் கட்டங்களைக்கூட அந்த ஓவியர்கள் பறவையாகவும் தேளின் கொடுக்காகவும் வரைந்திருக்கிறார்கள். நஞ்சு பேசுகிறவருக்குத் தேள் கொடுக்கு. பிள்ளைகள் அதை நாம் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது காஞ்சா அய்லய்யாவின் 'பானை செய்வோம், பயிர் செய்வோம்'. இதிலும் துர்காபாயின் படங்கள் உண்டு. தோல் பதனிடுவோர், குயவர், உழவர், நெசவாளர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் என்று ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் இருக்கிற அறிவியலைச் சொல்கிற புத்தகம். செத்த மாட்டின் தோல் அழுகாமல் செருப்பாகவும் வாராகவும் பறையாகவும் ஆவதற்கு எத்தனை தலைமுறைச் சோதனை தேவைப்பட்டிருக்கும்! 'உங்க அப்பா என்ன வேலை செய்றார்?' என்று வகுப்பில் கேட்டால் தலை குனிகிற பிள்ளைக்கு இதைக் கொடுக்க வேண்டும். தலை குனிய வைக்கிற பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். அவனுக்குத்தான் முதலில் என்றுகூடச் சொல்வோம்.

மெல்லிய புத்தகம் ஒன்று, விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய 'கயிறு'. பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கட்டும் கயிற்றைப் பற்றியது. ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர் உடன்படித்த மாணவர்களாலேயே வீட்டில் வைத்து வெட்டப்பட்டதும், அதையடுத்து நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டதும், 2024 ஜூனில் அந்தக் குழு வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்யச் சொன்னதும் நினைவிருக்கும். அறிக்கை அறுநூறு பக்கத்துக்கு மேல் போகிறது. பிள்ளைகள் அதைப் படிக்கப்போவதில்லை. 'கயிறு' கதையைப் படிப்பார்கள். பத்துப் பிரதி வாங்கி, ஊர்த்தெருப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கே கொடுத்துவிடலாம்.

மஹாஸ்வேதா தேவி எழுதிய மொய்னா கதையும் வேண்டும். சபர் பழங்குடிச் சிறுமி. ஆடு மேய்க்கிற அவள் எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நம் இருளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஏற்றது. இவையெல்லாம் சரி, சாதி பற்றிய கதைகளை மட்டுமே நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டுமா? கூடாது. ஜப்பானியச் சிறுமி 'டோட்டோ-சான்' ரயில் பெட்டியில் படித்த கதையும், கீழடியைப் பின்னணியாக வைத்து உதயசங்கர் எழுதி 2023-ல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற 'ஆதனின் பொம்மை'யும், விண்வெளி, யானை, துப்பறியும் கதைகளும் அதே தட்டில் இருக்க வேண்டும். மற்ற வீட்டுப் பிள்ளைக்கு உலகம் முழுவதும், நம் வீட்டுப் பிள்ளைக்கு வலி மட்டும் என்பதும் ஒரு வகை ஒதுக்குதல்தான்.

இனிப் பெரியவர்களின் தட்டு. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. பனை மட்டையின் இரு பக்கமும் அறுக்கிற கருக்கைத் தெரியாதவர் நம் ஊர்ப்பக்கம் யார்? அதில் வருகிற ஒரு காட்சி: தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தின் நூலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டபடி போகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு. அது ஏன் என்று அண்ணன் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுபோகிறது. ஒரு பக்கம்கூட வராத இந்தக் காட்சியைப் பிளஸ் டூ மாணவி படித்தால், தன் வீட்டில் பாட்டி சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் எழுத்தாகும் என்று தெரிந்துகொள்வாள். புத்தகம் வந்தபோது சொந்த ஊருக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாமாவின் 'சங்கதி', சுகிர்தராணியின் கவிதைகள் ஆகியவற்றை 2021-ல் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. பாடத்திட்டத்தில் வைப்பதும் எடுப்பதும் யார் கையிலோ இருக்கிறது. தெரு அலமாரி நம் கையில் இருக்கிறது.

கே.ஏ. குணசேகரனின் 'வடு' இன்னும் எளிது. பேசுகிற மாதிரியே எழுதியிருப்பார். இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டுபோன அந்தக் குரல்தான் இந்தப் புத்தகத்திலும். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' தடிமனானது. ஆனால் சிரிக்கச் சிரிக்கப் போகும். தன்னையே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்த எழுத்து தமிழில் குறைவு என்பதால் இதை வற்புறுத்தியே சொல்கிறோம்.

நம் மாவட்டத்துக்காரர் இமையம். 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020-ம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்றவர். ஆனால் படிப்பகத்துக்கு முதலில் வாங்க வேண்டியது அவருடைய 'பெத்தவன்'. சின்னப் புத்தகம். தலித் இளைஞனை விரும்பிய மகள் பாக்கியத்தை விஷம் கொடுத்துக் கொன்றுவிட வேண்டும் என்று ஊர் கூடிப் பழனியிடம் வாக்கு வாங்குகிறது. அந்த இரவில் அவர் என்ன செய்தார் என்பதுதான் கதை. முடிவைச் சொல்லமாட்டோம். பெரும்பகுதி பேச்சுதான், அதுவும் விருத்தாசலம் பக்கத்துப் பேச்சு. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களை உட்காரவைத்து யாராவது ஒரு மாணவி உரக்க வாசித்தால் போதும். கண்ணகி – முருகேசன் கொல்லப்பட்ட 2003-ம் ஆண்டும், பதினெட்டு ஆண்டு கழித்து 2021-ல் வந்த தீர்ப்பும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. இதை வாசித்தால் சபையில் பேச்சு தானாகத் தொடங்கும்.

அவருடைய முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' (1994) பற்றிச் சிலர் தயங்குவார்கள். பட்டியலின மக்களுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. நமக்குக் கீழே ஒருவரை நாம் எப்படி நடத்தினோம் என்று ஆரோக்கியம் என்ற பெண்ணின் வாழ்க்கை வழியே சொல்கிறது. வந்த நேரத்தில் தலித் வட்டாரத்திலேயே கடுமையாக எதிர்த்தார்கள். ஒற்றுமையைக் குலைக்கிறது என்றார்கள். எங்கள் கருத்து, அலமாரியின் நடுத்தட்டில் அது இருக்க வேண்டும். ஊர்த்தெருவைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை நம் தெருவின் கடைசி வீட்டுக்காரர் நம்மைப் பார்த்துக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ள முடியாது.

உழைப்பின் கதை விரும்புகிறவர்களுக்கு டி. செல்வராஜின் 'தோல்' (திண்டுக்கல் தோல் ஆலைத் தொழிலாளர்கள்), வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் எழுதி இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு'. யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை எழுதிய கே. டானியலின் 'பஞ்சமர்' கிடைத்தால் விடாதீர்கள்; அவர் 1986-ல் இறந்து அடக்கமானது நம் தஞ்சாவூரில்தான்.

கல்லூரி மாணவர்களுக்கு வரலாறு. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார். 1939-ல் தன் வாழ்க்கைச் சுருக்கத்தை எழுதினார். அயோத்திதாசர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். விலையைப் பெயரிலேயே வைத்து, எவரும் வாங்கிப் படிக்கலாம் என்று சொன்ன பத்திரிகை. நம் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பள்ளி தொடங்கினார். படிப்புக்காக நம்மவர்கள் பட்ட பாடு நேற்றுத் தொடங்கியதல்ல என்று இவை காட்டும். அண்ணலின் 'சாதி ஒழிப்பு' உரையும் இந்தத் தட்டில்தான் வரும். 1936-ல் லாகூரில் பேசவிடாமல் மாநாட்டையே கைவிட்டார்கள். அவர் தன் கைக்காசில் 1,500 பிரதி அச்சிட்டார். பெரியார் உடனே தமிழாக்கி 'குடிஅரசு'வில் வெளியிட்டார். தனியாகப் படித்தால் கடினம். வாரம் நான்கு பக்கம் என்று கூட்டாகப் படித்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம்.

பெண்பிள்ளைகளிடம் முக்தாபாய் சால்வேயைப் பற்றிச் சொல்லுங்கள். ஜோதிராவ் – சாவித்திரிபாய் புலே இணையரின் பள்ளியில் படித்தவள். மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி 1855-ல் அவள் எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் அச்சேறியது. அப்போது அவளுக்கு வயது பதினான்கு. சாவித்திரிபாய் வரலாற்று நூல்கள் தமிழில் நிறைய இருக்கின்றன.

வாங்குவது எங்கே? ஆண்டுதோறும் நெய்வேலியில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் தள்ளுபடி உண்டு. சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூரில் நீலம் புத்தகக் கடைக்குப் போகலாம். முதல் தவணையில் முப்பது, நாற்பது புத்தகம் போதும், பாதி பிள்ளைகளுக்கு. பூட்டு போடுகிற பீரோ வேண்டாம், திறந்த தட்டு வையுங்கள். புத்தகம் கிழியும், தொலையும். கிழிந்தது யாரோ படித்தது. பொறுப்பை ஒரு பெண்ணிடம் கொடுங்கள். பையன்கள் மட்டும் நடத்துகிற படிப்பகத்துக்குப் பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள், கொஞ்ச நாளில் அது கேரம் விளையாடும் இடமாகிவிடும். மாலை ஆறிலிருந்து எட்டு வரை விளக்கு எரிய வேண்டும். வீட்டில் படிக்க இடமில்லாத பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாலும் உட்காரட்டும். அப்படியே ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். யார் எதை எடுத்தார்கள் என்று எழுதுவது ஒரு பக்கம்; எந்தப் புத்தகம் கேட்டுக் கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் எழுதுவது அடுத்த பக்கம். அடுத்த ஆண்டு வசூல் நோட்டு புறப்படும்போது அந்தப் பக்கத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.