எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் மூட்டு நலமா?

விளையாடிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்புகிறார். முழங்காலுக்குள் 'படக்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடுகிறது. எக்ஸ்ரே பார்த்து "எலும்பு முறியவில்லை" என்று சொன்னதும் நாம் நிம்மதியாகி, எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறோம். இந்த நிம்மதி அவசரமானது.

கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைத்திருப்பது 'ஏசிஎல்' என்ற தசைநார். அது அறுபடும் கணத்தில் மூட்டு பிசகி, தொடை எலும்பின் வெளிப்புற முனை கீழ்க்கால் எலும்பின் பின்பகுதியில் மோதுகிறது. பெரும்பாலும் எலும்பு உடைவதில்லை, உள்ளே கன்றிப்போகிறது. தோலில் அடிபட்டால் இரத்தம் கட்டுவதைப் போல, மஜ்ஜையில் இரத்தமும் நீரும் கோத்துக்கொள்கின்றன.

எக்ஸ்ரே காட்டுவது எலும்பின் சுண்ணாம்புச் சத்தை. கோத்த நீரோ அறுந்த தசைநாரோ அதில் தெரியாது. எம்ஆர்ஐ ஸ்கேனில்தான் கன்றிய இடம் வெள்ளையாகத் தெரியும். ஒரு விதிவிலக்கு உண்டு. கீழ்க்கால் எலும்பின் வெளி ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்து எக்ஸ்ரேயில் தெரிந்தால், பெரும்பாலும் ஏசிஎல்லும் அறுந்திருக்கும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் செகோன் இதை விவரித்தது 1879-ல். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே!

கன்றல் சில மாதங்களில் மறைந்துவிடும். ஆனால் அதே மோதலைத் தாங்கிய குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. எனவே அது எளிதில் ஆறாது. தேய ஆரம்பித்தாலும் உடனே வலித்துக் காட்டாது.

ஏசிஎல் அறுந்து 12 ஆண்டுகள் கடந்த ஸ்வீடன் நாட்டுக் கால்பந்து வீராங்கனைகளைப் பற்றிய ஆய்வு 2004-ல் வெளியானது. எக்ஸ்ரே எடுக்கப்பட்ட 67 பேரில் 34 பேருக்கு மூட்டுத் தேய்மானம்! அவர்களின் சராசரி வயது 31-தான். அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இதில் வேறுபாடு தெரியவில்லை. அறுவை சிகிச்சை மூட்டு நழுவுவதைத் தடுக்கலாம். தேய்மானத்தைத் தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அடிபட்ட அன்றே மூட்டு வீங்கினால், நடக்கும்போது கால் நழுவுவதுபோல் இருந்தால், மடக்கிய காலை நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூட்டிக்கொள்வது மெனிஸ்கஸ் என்ற உள்வட்டு கிழிந்ததன் அடையாளமாக இருக்கலாம். பிறகு தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி மாதக்கணக்கில் தொடர வேண்டும். வலி நின்றதும் பயிற்சியை நிறுத்திவிட்டு மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகளை வீட்டார்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.